பதிலாள்

கனடாவிலும் அமெரிக்காவிலும் பனிக்காலத்தில் வெளிவரும் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களைப் புரட்டுவோர் சிறு செய்தியொன்றை ஏறத்தாழ வாரந்தோறும் காணலாம். இன்ன ஹொக்கிக் குழுவில் இருவரோ மூவரோ காயமுற்றுள்ளனர். அவர்தம் இடத்தை நிரப்புதற்பொருட்டுக் கீழ்நிலை லீக்கிலிருந்து இன்ன முன்னணி ஆட்டக்காரரைக் குழு வரவழைத்துள்ளது, அல்லது வேறொரு குழு வேண்டாமென விட்டவரை எடுத்துக்கொண்டுள்ளது என்பதே அச்செய்தி. இரண்டு வரி, சிலவேளை மூன்று. அச்செய்திக்குப் படமில்லை. இடம் நிரம்பிவிட்டது என்ற திருப்தியோடு வாசகன் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறான். நாம் அந்த இரண்டு வரிகளிடத்துச் சற்று நின்று பார்க்க விரும்புகின்றோம். ஒழுக்கவியலின் பழைய வினாவொன்று அவற்றினுள்ளே கிடக்கின்றது. ஒருவன் வீழ்ந்தாலன்றி மற்றவன் எழ முடியாத ஓர் அமைப்பில், அவ்விருவரும் ஒருவருக்கொருவர் என்ன உறவினர்?

ஹொக்கி என்றதும் புற்றரையில் ஆடப்பெறும் ஆட்டமே நம் வாசகரின் மனக்கண்முன் தோன்றும். நாம் ஈண்டுப் பேசுவது பனிக்கட்டித் தளத்தின்மீது, உருக்கு அலகு பொருத்திய காலணிகளில் சறுக்கிக்கொண்டு, பந்துக்குப் பதிலாகக் கடினமான இறப்பர் வட்டொன்றைக் கோலால் அடித்து ஆடும் ஆட்டத்தைப் பற்றியதாகும். ஒரு பக்கத்தில் ஒரே வேளையில் அறுவர் களத்தில் நிற்பர்: கோல் காப்பாளர் ஒருவர், பின்காவலர் இருவர், முன்னணியினர் மூவர். ஆனால் அந்த வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் எவராலும் நின்று பிடிக்க முடியாது. முக்கால் நிமிட அளவில் மூவர் வெளியேற வேறு மூவர் உட்புகுவர். இவ்வாறு மும்மூவராக நான்கு வரிசைகள், ஆக முன்னணியினர் பன்னிருவர். பின்காவலர் அறுவரையும் கோல் காப்பாளர் இருவரையும் சேர்த்தால் ஓர் ஆட்டத்துக்கு இருபதின்மர். தேசிய ஹொக்கி லீக்கில் ஒரு குழுவின் பெயர்ப்பட்டியல் இருபத்துமூவரைத் தாண்டக்கூடாது என்பது விதி. 2025-26 பருவத்தில் இந்த லீக்கின் 32 குழுக்களும் தலைக்கு 82 ஆட்டங்கள் ஆடின. அதற்குமேல் கிண்ணப் போட்டிகள் வேறு. வட்டு மணிக்கு 150 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் பறக்கும். எதிரியை உடம்பால் மோதித் தளத்தின் சுற்றுப்பலகையில் சாய்ப்பது விதிகள் அனுமதிக்கும் செயல். இத்தகைய ஆட்டத்தில் காயம் என்பது தற்செயலாக நேரும் ஒன்றன்று. இன்ன நாளில் இன்னாருக்கு என்று மட்டுமே சொல்ல முடியாது. பருவம் முடிவதற்குள் பலர் விழுவர் என்பது குழுவை நடத்துவோர் அனைவரும் முன்கூட்டியே அறிந்து கணக்கிற் கொண்ட செய்தி. அக்கணக்கின் மறுபாதியே நம் பதிலாள்.

அவருக்கு அந்நாட்டுப் பத்திரிகைகள் இட்டிருக்கும் பெயர் சுவையானது. ஆங்கிலத்தில் 'டெப்த்' ஆட்டக்காரர் என்பர், அதாவது ஆழம். குழுவுக்கு ஆழம் வேண்டும், ஆழம் போதாது, ஆழத்தைக் கூட்டிக்கொண்டார்கள் என்றெல்லாம் எழுதுவர். கிணற்றுக்கும் கடலுக்கும் ஆழம் பெருமை. இங்கே ஆழம் என்பது பட்டியலின் அடி. அடியில் நிற்பவனுக்கு அப்பெயர் சூட்டப்பட்டதே, அவன் அங்கு நிற்பதன் காரணத்தை மறைக்கும் மரியாதைபோலும்.

அவருடைய மனத்திலிருந்தே தொடங்குவோம். கீழ்நிலை லீக்கில் நகருக்கு நகர் பஸ்வண்டியில் அலைந்து ஆடிக்கொண்டிருப்பவர் அவர். இரவில் தொலைபேசி மணி ஒலிக்கின்றது. நாளை மேலே வரவேண்டும் என்கிறது குரல். அவருக்கு மகிழ்ச்சி பொங்குகின்றது. பெற்றோருக்குச் சொல்கிறார், மனைவிக்குச் சொல்கிறார். அந்த மகிழ்ச்சியின் காரணம் என்ன? எங்கோ ஒருவனின் முழங்காற் சவ்வு கிழிந்தது. அவன் பெரும்பாலும் அந்நியனுமல்லன். பருவத் தொடக்கப் பயிற்சி முகாமில் பக்கத்து இருக்கையிலிருந்து காலணி கட்டியவன்.

இந்த மகிழ்ச்சி குற்றமா? குற்றமென்று கூறும் துறவுள்ளம் நமக்கில்லை. பிறன் காயத்தை விரும்புவது ஒன்று. காயம் நேர்ந்தபின் வந்த வாய்ப்பை ஏற்பது மற்றொன்று. பாரதக் கதையில் வீடுமர் சேனைத்தலைமை பூண்டிருக்குமட்டும் படைக்கலம் ஏந்தேன் எனக் கூறிக் கன்னன் பாசறையிற் பத்து நாள் இருந்தான். பத்தாம் நாள் கிழவர் அம்புப் படுக்கையில் வீழ்ந்தார். கன்னனின் காலம் அப்பொழுதுதான் பிறந்தது. ஆயினும் அவன் முதலிற் சென்றது களத்துக்கன்று, வீழ்ந்தவரின் காலடிக்கு. அவ்விருவருக்கும் இடையில் இருந்த பகை சிறிதன்று. இருந்தும் அந்த வணக்கம் வேண்டியிருந்தது. நம் கதைமரபு இந்த நுட்பத்தை அறிந்திருந்தது என்பதற்காகவே இதனைக் கூறினோம்.

பிறர் துன்பத்தால் பிழைப்போர் உலகில் வேறும் உளர் என ஒருவர் சொல்லலாம். வைத்தியன் நோயால் வாழ்கிறான்; சவப்பெட்டி செய்யும் தச்சன் சாவால் வாழ்கிறான். அவர்களை யாரும் பழிப்பதில்லையே? உண்மை. ஆனால் ஒப்புமை முழுமையானதன்று. வைத்தியன் நோயாளியின் இடத்தில் போய்ப் படுப்பதில்லை. நோயாளி குணமடைவது வைத்தியனுக்கு வெற்றி. பதிலாளுக்கோ, காயமுற்றவன் குணமடையும் நாள் தன் வேலை முடியும் நாள். தோழனைப் பார்க்க மருத்துவமனைக்குச் செல்லும் அவர், விரைவில் எழுந்து வா என்று வாயாரச் சொல்கிறார், அச்சொல் பொய்யுமன்று. எனினும் அச்சொல் பலிக்கும் நாளில் அவர் மறுபடியும் பஸ்வண்டியேற வேண்டும். இருவரும் நல்லவர்களே. நல்லவர் ஒருவரின் நம்பிக்கையை இன்னொரு நல்லவரின் எலும்போடு பிணைத்துவைத்தது எது என்பதே கேள்வி. ஆகவே நாம் ஆராய வேண்டியது அவருடைய மனச்சாட்சியையன்று, அவர் நிற்கும் வரிசையை.

இனி, காயமுற்றவனின் பக்கம். 1964 ஏப்ரல் 23-இல் டெட்ரோயிற் நகரில் ஸ்டான்லிக் கிண்ண இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம் நடைபெற்றது. ரொறன்ரோக் குழுவின் பின்காவலர் பொப் போன் கணுக்காலருகே அடிபட்டுத் தூக்குப்படுக்கையில் வெளியே கொண்டுசெல்லப்பட்டார். சற்று நேரத்திற் காலைக் கட்டிக்கொண்டு, வலி மரக்க ஊசியேற்றிக்கொண்டு அவர் திரும்பி வந்தார். மேலதிக நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவரும் அவரே. ஏழாவது ஆட்டத்தையும் ஆடிக் குழு கிண்ணத்தை வென்றபின்னரே, எலும்பு முறிந்திருந்ததை உலகம் அறிந்தது. 2013-ஆம் ஆண்டின் இறுதிச்சுற்றிற் பொஸ்டன் குழுவின் பட்றிஸ் பெர்ஜரோன் விலாவெலும்பு முறிந்தும் தோள் விலகியும் ஆடினார். நுரையீரலிலும் துளை விழுந்திருந்தது. இவற்றை வீரக்கதைகளாகவே அந்நாட்டு மக்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்கின்றனர். வீரம் இல்லையென நாம் கூறவில்லை. தோழர்மீது கொண்ட பற்றும் ஆட்டத்தின்மீது கொண்ட காதலும் மெய்யானவை. ஆனால் இவ்விருவரும் தத்தம் குழுவில் உறுதியான இடம் பெற்றிருந்தவர்கள். பெயர் தெரியாத நான்காம் வரிசைக்காரன் முறிந்த விரலை மறைத்துக்கொண்டு ஆடும்பொழுது, அதனையும் வீரமென்றே எழுதிவிடுவது அவசரமான தீர்ப்பு. அவன் எதிரியைக் கண்டு அஞ்சவில்லை என்பது சரி. தனக்குப் பின்னாலிருக்கும் வாங்கில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதை அவன் அறிவான்.

பதிலாள் என்ற ஏற்பாட்டின் இரட்டை முகம் இங்குதான் தெரிகின்றது. காயமுற்றவன் ஓய்வெடுக்க முடிவது பின்னால் ஒருவன் இருப்பதனால். காயமுற்றவன் ஓய்வெடுக்க அஞ்சுவதும் பின்னால் ஒருவன் இருப்பதனாலேயே.

இதன் கொடிய எல்லையை டெரெக் பூகார்ட்டின் வாழ்வு காட்டிற்று. மினசோட்டாவுக்கும் பின்னர் நியூ யோர்க்குக்கும் ஆடிய முன்னணி ஆட்டக்காரர் அவர். 277 ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் மூன்று. கைச்சண்டையிடுவதே அவர் தொழில்; தன் பக்கத்து நட்சத்திரங்களை எவரும் தொடாவண்ணம் முட்டியால் காவல் நிற்பது. கை சிதையும், மூக்கு உடையும், தலை அதிரும். வலி நீக்கும் மாத்திரைகள் பழக்கமாயின. 2011 மே மாதத்தில், தம் 28-ஆவது வயதில், மதுவும் மாத்திரையும் கலந்து அவர் இறந்துகிடந்தார். அவரது மூளையை ஆராய்ந்தோர், திரும்பத் திரும்ப அடிபட்டோரிடம் காணப்படும் சிதைவை அங்கே கண்டனர். அத்தகைய வேலைக்கு ஆள் எப்பொழுதும் கிடைத்தான். இவன் இல்லையேல் அடுத்தவன். அது தெரிந்திருந்தமையாலேயே இவன் நிறுத்தவில்லை.

மாற்றாள் இல்லாமற்போனால் நிலைமை என்ன? ஹொக்கியின் பழைய வரலாற்றிலேயே இதற்கு விடையுண்டு, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விடைகளாக. 1928 ஏப்ரலில் நியூ யோர்க் ரேஞ்சர்ஸ் குழுவின் கோல் காப்பாளர் லோன் சபோ இறுதிச்சுற்று ஆட்டமொன்றிற் கண்ணில் வட்டுப்பட்டு வீழ்ந்தார். அக்காலத்திற் குழுக்கள் இரண்டாவது கோல் காப்பாளரை உடன் கொண்டுசெல்வதில்லை. வெளியார் ஒருவரை இரவல் பெறுவதற்கு எதிர்க்குழு சம்மதிக்கவில்லை. 44 வயதான பயிற்சியாளர் லெஸ்ரர் பட்றிக் தாமே காப்புடை அணிந்து கோலில் நின்றார். ரேஞ்சர்ஸ் 2-1 என வென்றது. 2020 பெப்ரவரி 22-இல் ரொறன்ரோவிலும் இதை ஒத்த நிகழ்ச்சி நடந்தது. கரோலைனாக் குழுவின் கோல் காப்பாளர் இருவரும் காயமுற, பனித்தளப் பராமரிப்பு இயந்திரம் ஓட்டிப் பழகிய, தாயின் சிறுநீரகத்தைப் பெற்று உயிர் பிழைத்த, 42 வயதான டேவிட் அயர்ஸ் களமிறங்கினார். முதலில் வந்த இரண்டு வட்டுகள் உள்ளே போயின. பின்வந்த எட்டையும் தடுத்தார். கரோலைனா 6-3 என வென்றது. எளிய மனிதன் ஒருவன் பெரியோர் அரங்கில் ஓரிரவு நிற்பதைக் கண்டு நாமுந்தான் மகிழ்ந்தோம். ஆயினும் அந்த மகிழ்ச்சியில், முன்னேற்பாடின்மை ஒன்று மங்கலமாகப் பூச்சூடி நிற்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது விடை இதனினும் கூர்மையானது. 1959 நவம்பர் முதல் நாள், நியூ யோர்க்கில், மொன்றியல் குழுவின் கோல் காப்பாளர் ஷாக் பிளான்ட்டின் முகத்தில் வட்டுப் பாய்ந்து சதையைக் கிழித்தது. அந்நாள்வரை கோல் காப்பாளர் பெரும்பாலும் வெறுமுகத்துடனேயே நின்றனர். பிளான்ட் பயிற்சியின்போது முகமூடி அணிந்து பழகியிருந்தார். ஆனால் ஆட்டத்தில் அதனை அணியப் பயிற்சியாளர் டோ பிளேக் விடவில்லை. முகமூடி பார்வையைக் குறைக்கும், வீரத்தைத் தளர்த்தும் என்பது அக்காலத்து எண்ணம். தையல் போட்டு முடிந்ததும் பிளான்ட் ஒரு நிபந்தனை விதித்தார்: முகமூடியோடாயின் வருவேன், இன்றேல் வரேன். வேறு தகுதியான கோல் காப்பாளர் எவரும் அன்று பயிற்சியாளரின் கையில் இல்லை. அவர் இணங்கினார். மொன்றியல் 3-1 என வென்றது; கோல் காப்பாளரின் முகத்தை முகமூடி காக்கும் வழக்கம் அந்த இரவிலிருந்து வேரூன்றியது.

அந்த ஐம்பதுகளில் லீக்கில் ஆறே குழுக்கள். கோல் காப்பாளருக்கு நிலையான இடம் ஆறு. சாதாரண நாட்களில், கீழ்நிலை லீக்குகளிற் காத்துக்கிடந்தோரின் கூட்டமே அவர்களை வாய்மூடச் செய்தது. ஓரிரவு, ஓர் ஊரில், அந்தக் கூட்டம் எட்டாத தொலைவில் இருந்தது. அவ்வளவில் ஒரு தொழிலாளி தன் முகத்துக்குத் தானே உரிமையாளனானான். மாற்றாள் இன்மை பட்றிக்கிடம் ஒரு வயோதிகரை வட்டின்முன் நிறுத்திற்று. பிளான்ட்டிடமோ பேசும் வலிமையைக் கொடுத்தது. எனவே மாற்றாள் இருப்பது நன்றோ தீதோ என்று பொதுவிற் கேட்பது பயனற்றது. பட்டியல் யார் கையில் இருக்கின்றது என்று கேட்க வேண்டும்.

வேலையற்றிருப்போரின் கூட்டம் வேலையிலிருப்போரின் கூலியையும் குரலையும் எவ்வாறு அடக்கிவைக்கின்றது என்பதைக் கார்ல் மார்க்ஸ் 1867-இல் வெளியான 'மூலதன'த்தின் முதற் பாகத்தில் விளக்கினார்; அக்கூட்டத்தைத் தொழிற்றுறையின் சேமப் படை என்று அழைத்தார். பனித்தளத்தின் பதிலாளை அப்படையின் சிப்பாய் என்று சொல்லிவிட நமக்கும் ஆசைதான். ஆனால் நேர்மை வேண்டும். 2025-26 பருவத்தில் தேசிய ஹொக்கி லீக்கின் ஆகக் குறைந்த ஆண்டுச் சம்பளம் 7,75,000 டொலர். பட்டினி கிடக்கும் துறைமுகத் தொழிலாளியோடு இவரை ஒரே தட்டில் வைத்தால் அத்தொழிலாளிக்கு அநீதி செய்தவராவோம். எனினும் இருவழி ஒப்பந்தம் என்ற ஒன்றுண்டு. மேலே ஆடும் நாட்களுக்கு ஒரு சம்பளம். கீழே ஆடும் நாட்களுக்கு அதில் மிகச் சிறு பங்கு. சம்பளம் நாட்கணக்கில் அளக்கப்படும். அனுபவம் கூடியவரைக் கீழே அனுப்புமுன் இருபத்துநான்கு மணி நேரம் பொதுவில் வைப்பர். விரும்பிய குழு எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் நாளை வேறு நகர். எடுக்காவிட்டால் கீழ்நிலை நகர். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தகப்பன் அந்த ஒரு நாளை எப்படிக் கழிப்பான் என்பதற்கு டொலர்க்கணக்கு விடையாகாது. வறுமை நீங்கிய இடத்திலும் இந்த உறவு மாறாமல் நிற்பதைக் காணும்போதுதான், அதன் எலும்புக்கூடு தெளிவாகத் தெரிகின்றது.

இம்மானுவேல் கான்ட் 1785-இல் எழுதிய அறநூலில் ஒரு பாகுபாடு செய்தார். ஈடாக வேறொன்றை வைக்கக்கூடிய பொருளுக்கு விலையுண்டு. ஈடிணை வைக்கவொண்ணாததற்கு விலையில்லை, மாண்புண்டு என்பது அவர் கருத்து. மனிதன் மாண்புடையவன். ஆனால் மனிதன் செய்யும் வேலைக்கு ஈடு வைக்க முடியும், வைக்கவும் வேண்டும். இல்லையேல் எவரும் நோயிற் படுக்க முடியாது. வேலைக்கு ஈடு வைக்கும் அவசியத்திலிருந்து மனிதனுக்கே ஈடு வைக்கும் பழக்கத்துக்கு நழுவுவது மிக எளிது.

அந்த நழுவலை அங்குள்ள கணக்கேடுகளிற் காணலாம். 2004-05 பருவம் முழுவதையும் கதவடைப்பினால் இழந்தபின், லீக்கிற் சம்பள உச்சவரம்பு புகுத்தப்பட்டது. நெடுங்காலம் காயமுற்றிருப்பவரின் சம்பள அளவுக்கு அவ்வரம்பை மீறிப் பதிலாள் எடுத்துக்கொள்ளலாம் எனச் சலுகையும் வைத்தனர். நல்ல நோக்கம். ஆனால் காயம் கணக்கிற் புகுந்ததும் சரக்காயிற்று. தம்பா பே குழுவின் நிகிட்டா குச்செரோவ் இடுப்பு அறுவைச் சிகிச்சையின்பின் 2020-21 பருவ ஆட்டங்கள் அனைத்திலும் இல்லாதிருந்து, கிண்ணப் போட்டி தொடங்கியதும் வந்து சேர்ந்தார். குழு கிண்ணத்தை வென்றது; வரம்பை 18 மில்லியன் டொலர் தாண்டியதாக எழுதிய சட்டையை அணிந்தே அவர் வெற்றி விழாவிற் களித்தார். விதியை அவர் மீறவில்லை. 2025-26 பருவத்தில்தான் விதியை இறுக்கினர். இதனினும் விசித்திரமானது கிறிஸ் புறொங்கரின் நிலை. கண்ணிலும் தலையிலும் அடிபட்டு 2011-இன் பின் அவர் ஆடவேயில்லை. ஆனால் அவருடைய ஒப்பந்தம் உயிரோடிருந்தது. 2015-இல் பிலடெல்பியாக் குழு அதனை அரிசோனாக் குழுவுக்குக் கைமாற்றிற்று. அதே ஆண்டு அவர் ஹொக்கிப் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பட்டார். லீக்கின் ஆட்டக்காரர் பாதுகாப்புப் பிரிவிற் பணியாற்றியும் வந்தார். தளத்திலில்லாத மனிதர், பட்டியலில் ஓர் ஆட்டக்காரர்.

இவ்வளவும் கூறியபின், பதிலாளாக வந்தவர்களுள் நாம் மறக்கக்கூடாத ஒருவரிடம் வருகிறோம். நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துப் பிரெடெரிக்டனில் 1935-இற் பிறந்த வில்லி ஓரீ ஒரு கறுப்பினத்தவர். தேசிய ஹொக்கி லீக்கில் அதுவரை ஒரு கறுப்பரேனும் ஆடியதில்லை. ஆடக்கூடாதென்று எழுதிய விதி எதுவுமில்லை. எழுதாமலே எல்லாரும் அறிந்திருந்தனர். 1958 ஜனவரியில் பொஸ்டன் புரூயின்ஸ் குழுவில் ஒருவர் காயமுற்றார். கியூபெக் ஏசஸ் குழுவில் ஆடிக்கொண்டிருந்த 22 வயது ஓரீயை அவரது இடத்துக்கு அழைத்தனர். ஜனவரி 18-இல் மொன்றியலில் அவர் பனித்தளத்திற் கால்வைத்தார். பொஸ்டன் 3-0 என வென்றது. மொத்தம் இரண்டே ஆட்டங்கள். பின்பு திரும்பக் கீழே.

நாம் முதலிற் கேட்ட வினா இவ்விடத்திற் புதிய பொருள் கொள்கின்றது. காலங்காலமாகச் சாத்தியிருந்த கதவொன்று ஒருவனின் காயத்தினால் திறந்தது. நீதி திறக்கவில்லை, அவசரம் திறந்தது. ஆள் தேவைப்பட்ட இரவில் நிறம் தடையாகவில்லை. அப்படியாயின் ஆள் தேவைப்படாத இரவுகளில் அது ஏன் தடையாயிற்று? தகுதியில்லை என்று அதுவரை கூறப்பட்டதெல்லாம் அந்த ஒரு தொலைபேசி அழைப்பினாற் பொய்யாயிற்று. உலகப்போர்க் காலங்களிற் பெண்களுக்குத் தொழிற்சாலைக் கதவு திறந்ததும் இவ்வகையிலேயே. போர் முடிந்ததும் பலரை வீட்டுக்கு அனுப்பியதும் இவ்வகையிலேயே.

ஓரீ 1960-61 பருவத்தில் மீண்டும் அழைக்கப்பட்டு 43 ஆட்டங்களில் நான்கு கோல்கள் அடித்தார். எதிர்க்குழுவினர் சிலரும் பார்வையாளர் சிலரும் அவர்மீது வீசிய சொற்களை இங்கே எழுத நாம் விரும்பவில்லை. அதன்பின் அவருக்கு அழைப்பு வரவில்லை. 1967-இல் ஆறு குழுக்கள் பன்னிரண்டாயின, அப்பொழுதும் வரவில்லை. மேற்குக் கரையின் கீழ்நிலை லீக்கில் அதிக கோலடித்தவரென்ற நிலையை இருமுறை எய்தினார், அப்பொழுதும் வரவில்லை. அவருக்கு அடுத்த கறுப்பின ஆட்டக்காரர் லீக்கில் அடியெடுத்துவைத்தது 1974-இல். ஓரீயோ 1979 வரை சிறு நகர்களில் ஆடிக்கொண்டேயிருந்தார்.

இன்னுமொன்று. அவருடைய வலக்கண் ஏறத்தாழக் குருடு. பொஸ்டன் அழைப்பதற்கு ஏறக்குறைய ஈராண்டுகள் முன்னர், இளைஞர் ஆட்டமொன்றில் வட்டுப் பாய்ந்து நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு பார்வை போய்விட்டது. ஒற்றைக்கண்ணர் ஆடலாகாதென்பது லீக்கின் விதி. அவர் மறைத்தார். இடப்பக்க முன்னணியில் நின்றதனால் வட்டு பெரும்பாலும் அவரது வலப்புறமாகவே வரும். அதைக் காண அவர் கழுத்தை முழுவதும் திருப்ப வேண்டியிருந்தது. அந்த அசைவோடு, எவரும் ஐயுறாவண்ணம், உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கெதிரே அவர் நின்றார். பிறன் காயத்துக்குப் பதிலாளாக வந்தவர் தம் காயத்தை மறைத்தே வரவேண்டியிருந்தது.

2018-இல் புகழ்மண்டபம் அவரை ஏற்றது. 2022 ஜனவரி 18-இல், முதலாட்டத்தின் 64-ஆம் ஆண்டு நிறைவு நாளில், அவரது 22-ஆம் இலக்கத்தை இனி எவரும் அணியலாகாதெனப் பொஸ்டன் குழு அரங்கின் உச்சியில் ஏற்றிவைத்தது. அக்குழுவில் அந்த ஓரிடத்துக்கு இனிப் பதிலாள் இல்லை.

பட்டியல் யார் கையில் என்று கேட்டோம். அதற்கு ஆட்டக்காரர் தரப்பிலிருந்து முதன்முதலாகப் பலமான விடை கூற முயன்றவர் டெட்ரோயிற் குழுவின் டெட் லின்ட்சே. ஓய்வூதிய நிதிக்கு ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 900 டொலர் கட்டிவந்தனர். அந்நிதியின் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டால் காட்டுவாரில்லை. 1957-இல் லின்ட்சே ஆறு குழுக்களையும் சேர்ந்த ஏறத்தாழ எல்லா ஆட்டக்காரரையும் ஒரு சங்கமாகத் திரட்டினார். அப்பொழுது அவர் தம் வாழ்விலேயே சிறந்த பருவமொன்றை ஆடி முடித்திருந்தார். அதே கோடையில் அவரைப் பட்டியலின் அடியிற் கிடந்த சிக்காகோவுக்குத் தள்ளிவிட்டனர். நட்சத்திரத்துக்கும் பதிலாளுண்டு என்பதை மற்றவர்களுக்குக் காட்டவே அது செய்யப்பட்டது, காட்டியது பலித்தது. அடுத்த ஆண்டிற் சங்கம் குலைந்தது. 1967-இலேயே நிலைத்த சங்கமொன்று அமைந்தது. அதன் முதல் நிருவாகியே பின்னாளில் ஆட்டக்காரரை ஏமாற்றியமைக்காக 1998-இற் சிறை சென்றார் என்பது வேறு கதை. தொழிற்சங்க வரலாற்றில் இத்தகைய வேறு கதைகள் எங்குமுண்டு.

இருந்தும் இன்று காயமுற்ற ஆட்டக்காரருக்குச் சம்பளம் நிற்பதில்லை. கீழ்நிலை லீக்குகளில் ஆடுவோருக்கும் தனிச் சங்கமுண்டு. குறைந்த சம்பளம் இன்னதென்று எழுதப்பட்டுள்ளது. இவை எவையும் குழுவை நடத்துவோரின் இரக்கத்தால் வந்தனவல்ல. களத்தில் நிற்பவனும் வாங்கில் இருப்பவனும் ஒரே தாளிற் கையெழுத்திட்டதால் வந்தன. அக்கையெழுத்துக்கு முன், பதிலாளின் பெயர் காயமுற்றவனை மிரட்டப் பயன்பட்டது. அதற்குப் பின், ஓரளவுக்கேனும், அவன் நிம்மதியாகக் கட்டிலிற் படுத்திருக்கப் பயன்படுகின்றது. ஓரளவுக்கு என்று சொன்னதில் அழுத்தமுண்டு: நான்காம் வரிசைக்காரன் முறிந்த விரலை இன்னும் மறைக்கிறான்.

நம் மொழியிற் 'பதில்' என்ற சொல்லுக்கு இரு பொருள் வழங்குகின்றன. ஒன்று, வேறொருவரின் இடம். மற்றொன்று, விடை. பதில் அதிபர், பதில் நீதவான் என்று நாள்தோறும் எழுதுகிறோம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல் என்றும் சொல்கிறோம். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பது சொற்சிலம்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பனித்தள வாங்கின் ஓரத்தில் அமர்ந்திருப்பவரை எண்ணும்போது இரண்டாவது பொருளே நம் மனத்தில் முந்துகின்றது. காயமுற்றவனின் உடம்பு எழுப்பும் கேள்வியொன்று உண்டு: நான் இல்லாதபோது என் தோழருக்கு யார்? அக்கேள்விக்கு விடையாகத்தான் இவர் வருகிறார். அப்படி வந்தவரை மறுவாரம் என்ன செய்வது என்ற கேள்விக்கு, அவரை அழைத்தவர்கள்தாம் விடை கூறவேண்டியவர்கள்.

அதே விளையாட்டுப் பக்கத்தில், ஒரு வாரமோ மூன்று வாரமோ கழித்து, இன்னொரு செய்தி வரும். இன்னார் குணமடைந்து பயிற்சிக்குத் திரும்பிவிட்டார். இன்னார் கீழ்நிலைக் குழுவுக்கு அனுப்பப்பட்டார். முதற் செய்திக்கு இரண்டு வரி கொடுத்த பத்திரிகை இதற்கு ஒரு வரி கொடுக்கும். அவர் பெயரை எழுத்துப்பிழையின்றி அச்சிட்டால் அவருடைய தாய் அதனை வெட்டியெடுத்து வைத்துக்கொள்வாள்.